சண்டைக்குப் பின்னால் ஒரு ஜன்னல்

பழைய வீடியோ கேம்களின் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு, அவற்றைத் திரும்பத் திரும்ப வெளியிடும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

உங்களில் ஒருவரிடமிருந்து சென்ற மாதம் ஒரு பழைய சண்டை விளையாட்டை வாங்கினேன். அதை நான் விலை கொடுத்து வாங்குவது இது மூன்றாவது முறை. கடைசிக் கட்டம் வரை போய் யாரையும் வீழ்த்தும் எண்ணம் எனக்கு இல்லை. அதற்கான விரல் வேகம் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. இரண்டாம் கட்டத்தின் தெருவில் போய்ச் சற்று நேரம் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அங்கே இரவு நேரம். தெருவுக்குப் பின்னால் வரிசையாக மாடிக் கட்டடங்கள். இடது ஓரத்துக் கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு ஜன்னல்: இரண்டு பிக்சல் அகலம், மூன்று பிக்சல் உயரம். மற்ற ஜன்னல்களில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். இது மட்டும் சில விநாடிகளுக்கு ஒருமுறை அணைந்து மறுபடி எரியும். அங்கே யாரோ தூக்கம் வராமல் எழுந்து நடமாடுகிறார்கள் என்று சிறு வயதில் நினைத்துக்கொள்வேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நீங்கள் விற்ற பதிப்பில் அந்த ஜன்னலைக் காணவில்லை. படத்தை வழவழப்பாக்கும் ஃபில்டர் ஒன்று, பக்கத்துப் பக்கத்து ஜன்னல்களையெல்லாம் குழைத்து ஒரே மஞ்சள் பட்டையாக இழுத்துவிட்டிருந்தது. அதை அணைக்க வழி தேடினேன். மூன்று மெனுக்களுக்கு அடியில் அதற்கான இடம் இருந்தது. குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று தேர்வுகள். 'வேண்டாம்' என்பது இல்லை. உதவிப் பிரிவுக்கு எழுதிக் கேட்டேன். படத்தின் தரம் மேம்படுத்தப்பட்டுள்ளது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அந்த வரிதான் இந்த மடலை எழுதவைத்தது.

பின்னணி ஓவியத்தின் தலைவிதி விசித்திரமானது. அதை வரைந்தவர் மாதக்கணக்கில் உழைக்கிறார். பார்ப்பவருக்கோ பார்க்க நேரமே கொடுக்கப்படுவதில்லை. காசு போட்டு விளையாடும் ஆர்கேடு கூடங்களுக்கு 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் 99இலிருந்து எண்கள் இறங்கிக்கொண்டே வரும். எதிரே நிற்பவர் உங்கள் முகத்தை உடைக்கக் காத்திருக்கிறார். அவருக்குப் பின்னால் எத்தனை வாழ்க்கை நடக்கிறது! கென் சண்டையிடும் துறைமுகத்தில் படகின் மேல் நின்று ஒரு கூட்டம் கூச்சலிடுகிறது. கைலின் விமானதளத்தில் போர் விமானத்துக்கு முன்னால் நின்று வீரர்கள் கைகளை ஆட்டுகிறார்கள். தால்சிமின் மண்டபத்தில் யானைகள். சுன் லீயின் கடைத்தெருவில் சைக்கிள்காரர்கள் சண்டையைச் சட்டை செய்யாமல் கடந்து போகிறார்கள். அங்கேயே ஓர் ஆள் கோழி ஒன்றைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கியபடி நிற்கிறார், கோழி சிறகடிக்கிறது. அந்தக் கோழியை முதன்முதலில் நான் கவனித்த அன்று அடுத்த ஐந்து விநாடிகளில் தோற்றேன். நியாயமான விலைதான் என்று இன்றும் சொல்வேன்.

டிவியில் மாட்டி விளையாடும் மெகா டிரைவ் கருவியில் அதே ஆண்டு வந்த சோனிக் இன்னும் மோசம். எங்காவது நின்று மலையையும் நீரையும் பார்த்தால், அந்த முள்ளெலி நம் பக்கம் திரும்பிக் காலால் தரையைத் தட்டும். பத்து நிமிடம் ஆனதும் கடிகாரமே உயிரை எடுத்துவிடும். இவ்வளவு அழகான ஒரு நிலத்தை வரைந்து வைத்துவிட்டு, அதை வேடிக்கை பார்ப்பதை மரண தண்டனைக்குரிய குற்றமாக வைத்தவர்களை என்ன சொல்வது.

முப்பது வருடங்கள் கழித்து எங்களிடம் நேரம் இருக்கிறது. நாங்கள் பழைய விளையாட்டுகளை மறுபடி வாங்குவதில் பெரும்பங்கு அந்த வேடிக்கைக்காகத்தான். இதைச் சொல்லும்போது உங்கள் விற்பனைப் பிரிவினர் சிரிக்கலாம். தமிழில் எழுதுகிறவனுக்கு இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கள் பழைய கவிதை இலக்கணம் நிலத்துக்கும் பொழுதுக்கும் முதற்பொருள் என்று பெயர் வைத்தது. மனிதர்களின் காதலும் பிரிவும் உரிப்பொருளாக வந்தாலும், எந்த நிலம், எந்தப் பொழுது என்பதைத்தான் முதலில் கேட்டது. உங்கள் தொழிலில் இருப்பவர்கள் அந்த முதற்பொருளுக்கு 'பின்னணி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் அப்படி அமைந்ததாலோ என்னவோ, மறுவெளியீட்டுச் செலவுக் கணக்கிலும் அது கடைசிக்குப் போய்விட்டது.

அவை எப்படி வரையப்பட்டன என்பது உங்கள் நிறுவனங்களிலேயே எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? 1983இல் ஜப்பானில் வெளியான ஃபேமிகாம் கன்சோலில் பின்னணிக்கு ஒரு முழுப் படத்தை வரைந்து வைக்க இடமே கிடையாது. எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட சிறு கட்டங்களை வரைந்து, அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்க வேண்டும். திரையில் 32 பத்திகள், 30 வரிசைகள், ஆக 960 இடங்கள். நிரப்புவதற்குக் கையில் ஒரே நேரத்தில் இருப்பதோ 256 கட்டங்கள். வண்ணமும் ரேஷன்தான்: நான்கு வண்ணத் தட்டுகள், தட்டுக்கு மூன்று வண்ணம், எல்லாவற்றுக்கும் பொதுவாக இன்னொன்று. நான்கு கட்டங்கள் சேர்ந்த சதுரத்துக்கு ஒரே தட்டுதான் கொடுக்கலாம். பச்சை மரமும் பக்கத்துச் சிவப்புக் கூரையும் வெவ்வேறு தட்டுகளில் இருந்தால், அந்தச் சதுரத்தின் எல்லையில்தான் மரம் முடிந்து கூரை தொடங்க வேண்டும். சூப்பர் மரியோவில் மேகமும் புதரும் ஒரே உருவம், வண்ணம் மட்டும் வேறு என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதைச் சிக்கனம் என்று சொல்லிச் சிரிப்பார்கள். ஒரே கோட்டில் வானத்தையும் தரையையும் வரைய முடிந்த கை அது என்றுதான் எனக்குத் தோன்றும்.

அடுத்து வந்த மெகா டிரைவில் பின்னணிக்கு இரண்டு தளங்கள். மொத்தம் 512 வண்ணங்களிலிருந்து பொறுக்கி எடுத்த 64 மட்டும் திரையில் வரலாம். சோனிக்கின் முதல் நிலமான கிரீன் ஹில்லில் அந்த இரண்டு தளங்களை வைத்துக்கொண்டு என்ன செய்திருக்கிறார்கள் பாருங்கள். பின்தளத்தைக் கிடைமட்டமாகக் கீற்றுக் கீற்றாக அறுத்து, ஒவ்வொரு கீற்றையும் வெவ்வேறு வேகத்தில் நகர்த்துகிறார்கள். தூரத்து மலை மெதுவாக நகரும், கிட்டத்து மலை சற்று வேகமாக நகரும், நீர்ப்பரப்போ கரையை நெருங்க நெருங்க ஒவ்வொரு கோடாக வேகம் கூடிக்கொண்டே வரும். தட்டையான ஒரே ஒரு படத்துக்கு ஆழம் வந்துவிடுகிறது. ரயில் ஜன்னலில் முகம் பதித்த எந்தக் குழந்தைக்கும் தெரிந்த வித்தை இது. அதைக் கணக்கிட்டு வைத்தவருக்கும் அந்தக் குழந்தையை நினைவிருந்திருக்க வேண்டும்.

இன்னொரு சின்னச் செய்தி. அந்த விளையாட்டின் முதல் வெளிநாட்டுப் பதிப்பில் கிரீன் ஹில் மேகங்கள் நாம் ஓடினால்தான் நகரும். பிறகு வந்த ஜப்பானியப் பதிப்பில் நாம் சும்மா நின்றாலும் மேகங்கள் தாமாகவே மிதந்து போகும். யாரோ ஒருவர், விளையாட்டு கடைக்குப் போன பிறகும், நிற்பவர்களுக்காக அந்த மேகங்களை அசைத்துவிட்டிருக்கிறார். நீங்கள் மறுவெளியீடு செய்யும்போது உள்ளே வைத்திருப்பது எந்தப் பதிப்பு என்று அட்டையில் ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்?

இப்போது அருவிக்கு வருகிறேன், நீங்கள் இரண்டு பக்கமும் தவறு செய்யும் இடம் அதுதான். கிரீன் ஹில்லின் அருவிகள் செங்குத்துக் கோடுகளால் ஆனவை: ஒரு கோடு நீர், ஒரு கோடு வெறுமை. அந்தக் காலத்துப் பிக்சர் டியூப் டிவியில் சாதாரண மஞ்சள் வயரை மாட்டினால் பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் ஒன்றோடொன்று கசிந்துவிடும். அந்தக் கசிவில் அருவி கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும், அதற்குப் பின்னால் இருப்பதும் தெரியும். ஒளி ஊடுருவும் வண்ணத்தை எளிதில் தராத கருவியில் இப்படி ஒரு காரியம். இன்றைய தட்டைத் திரையில் அதே அருவியைக் கூர்மையாகக் காட்டினால் சீப்பை நிறுத்தி வைத்ததுபோல் இருக்கிறது. வழவழப்பாக்கும் ஃபில்டரைப் போட்டாலோ சீப்பு உருகி ஒழுகுகிறது. அசல் பிக்சலை அப்படியே தருகிறோம் என்று உங்களில் சிலர் பெருமைப்படுவதைப் பார்த்திருக்கிறேன். நல்ல எண்ணம்தான், ஆனால் பாதி உண்மை. பிக்சல் அவர்கள் கையிலிருந்த வண்ணம், டிவி அவர்கள் வரைந்த தாள். வண்ணத்தை மட்டும் பத்திரப்படுத்தினால் போதாது. பழைய டிவியின் கசிவையும் கோடுகளையும் நேர்மையாகப் போலிசெய்யும் முறைகள் எப்போதோ வந்துவிட்டன. ஆர்வலர்கள் சம்பளம் வாங்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைத் தேர்வுகளில் ஒன்றாக வையுங்கள், 'வேண்டாம்' என்பதையும் பக்கத்திலேயே வையுங்கள்.

திரையை இழுப்பது பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. நாலுக்கு மூன்று என்ற திரைக்கு வரைந்த படத்தை அகலத் திரை முழுக்க இழுத்துவிட்டால் நிலா நசுங்கிப்போகும். ஓரத்தில் கறுப்புப் பட்டை இருப்பதைப் பார்த்து யாரும் பணத்தைத் திரும்பக் கேட்கமாட்டார்கள்.

அசையாத படங்களை வரைந்தவர்களிடமும் வித்தை இருந்தது. 1990இல் வந்த லூம் என்ற சாகச விளையாட்டில், பதினாறே வண்ணங்களை வைத்துக்கொண்டு மார்க் ஃபெராரி இரவு வானங்களை வரைந்தார். இரண்டு வண்ணப் புள்ளிகளை மாற்றி மாற்றித் தெளித்தால், சற்றுத் தள்ளி நின்று பார்ப்பவர் கண்ணில் மூன்றாவது வண்ணம் ஒன்று பிறக்கும். நீலமும் கறுப்பும் சேர்ந்து, தட்டில் இல்லாத ஒரு நள்ளிரவு. இப்படிப் புள்ளி தெளித்த படங்களைச் சுருக்கிச் சேமிப்பது கஷ்டம், பிளாப்பி வட்டில் இடத்தைத் தின்னும். தின்றாலும் பரவாயில்லை என்று ஒருவர் முடிவெடுத்திருக்கிறார் அல்லவா, அந்த முடிவைத்தான் நாம் இன்று பார்த்து ரசிக்கிறோம். வண்ணச் சுழற்சி என்பது அவர் பேர்போன இன்னொரு வித்தை. படத்தில் ஒரு பிக்சலைக்கூட மாற்றி வரைவதில்லை. தட்டில் இருக்கும் நீலங்களை மட்டும் வரிசையாக இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் ஓடை ஓடத் தொடங்குகிறது, மழை பெய்யத் தொடங்குகிறது. இதன் மேல் உங்கள் வழவழப்பு இயந்திரத்தை ஓட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெளித்த புள்ளிகளை அழுக்கு என்று நினைத்து அது துடைத்துவிடும்.

துடைப்பதில் செயற்கை நுண்ணறிவு இன்னும் உற்சாகமானது. கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ என்ற புகழ்பெற்ற நகரக் குற்ற விளையாட்டின் பழைய மூன்று பாகங்களை மெருகேற்றி 2021இல் வெளியிட்ட முத்தொகுப்பை மறந்திருக்கமாட்டீர்கள். கடைப் பலகைகளின் எழுத்துகள் பிழையாகிப்போயின. டோனட் கடை ஒன்றின் உச்சியில், பெயரில் இருந்த 'நட்' என்ற சொல்லை வைத்து விளையாடி, போல்ட்டில் முடுக்கும் அறுகோண நட்டு ஒன்றைப் பெரிதாக வைத்திருந்தார்கள். மெருகேற்றும் வேலையில் ஆறு மூலைகளும் மழுங்கி அது வெறும் வட்டமாகிவிட்டது. யாரோ சிரித்துக்கொண்டே வைத்த நகைச்சுவை, ஆறு மூலைகளோடு சேர்ந்து போயிற்று.

மூடுபனிக்கும் இதே கதி. 1999இல் தொடங்கிய சைலண்ட் ஹில் வரிசையில் ஊரையே மூடியிருக்கும் பனி, தூரத்தை வரைந்து காட்டக் கருவிக்குச் சக்தி போதாததால் போட்ட திரை. குறையை மறைக்கப் போட்ட அந்தத் திரையே அந்த ஊரின் முகமாகிவிட்டது. 2012இல் வந்த மறுவெளியீட்டுத் தொகுப்பில் பனி மெலிந்துபோய், ஏரியில் நீர் எங்கே முடிகிறது என்ற விளிம்பே வெளியே தெரிந்தது. அதைச் செய்தவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் கைக்குக் கிடைத்ததே முடிவுபெறாத மூலநிரல்தான். கடைக்குப் போன இறுதி வடிவத்தை யாரும் பத்திரப்படுத்தி வைக்கவில்லை. ஒரு பொருளைத் தயாரித்து உலகம் முழுக்க விற்ற இடத்தில், அதன் ஒரு பிரதி இல்லை.

இதுதான் என்னை மிகவும் உறுத்துவது. தொண்ணூறுகளின் இரண்டாம் பாதியில் கணினியில் வரைந்து அசையாப் படமாக வைத்த பின்னணிகளை நினைத்துப் பாருங்கள். 1997இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 7-இன் துருப்பிடித்த குழாய்களும் விளக்குப் பலகைகளும் நிறைந்த சந்துகள் அந்த வகை. அவற்றைப் பெரிய அளவில் உருவாக்கி, பிறகு அன்றைய டிவிக்கு ஏற்பச் சிறிதாக்கிச் சிடியில் போட்டார்கள். இன்று அதே வகை விளையாட்டுகளை மறுவெளியீடு செய்யும்போது, முன்னால் நடக்கும் ஆள் புதுத் திரையில் கத்திபோல் கூர்மையாகத் தெரிகிறார், அவர் நடக்கும் சந்தோ ஈரத் துணியால் துடைத்த பலகைபோல் மங்கிக்கிடக்கிறது. கண்ணாடி போடாமல் ஊரைப் பார்க்கிறவன் தன் கையை மட்டும் தெளிவாகப் பார்ப்பதுபோல. பெரிய அளவு மூலப்படங்கள் உங்களிடம் இருந்தால் அவற்றைத் தாருங்கள். இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள், இருப்பதை அதன் அளவிலேயே காட்டுங்கள். இயந்திரத்தை விட்டுக் கற்பனை செய்ய வைத்து, அதற்குத் தரம் என்று பெயர் சூட்டாதீர்கள்.

உங்களில் நன்றாகச் செய்தவர்களும் உண்டு. 1990இல் வந்த மங்கி ஐலண்ட் விளையாட்டை 2009இல் புதிய ஓவியங்களோடு வெளியிட்டபோது, ஒரே பொத்தானில் பழைய படத்துக்கும் புதிய படத்துக்கும் மாறிக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். புதிய ஓவியங்கள் பல இடங்களில் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அந்தப் பொத்தானை அமுக்கி அமுக்கி ஒரு மாலை முழுவதையும் கழித்தேன். பழைய இரவில் எங்கே இருட்டை விட்டுவைத்தார்கள், புதிய இரவில் எதை நிரப்பினார்கள் என்று பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிட நல்ல ஓவிய வகுப்பு வேறு இல்லை. பழையதை விற்பவர்கள் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டியது அந்த ஒரு பொத்தானை.

அதன் பக்கத்தில் இன்னொரு பொத்தானும் வேண்டும். ஆட்களை நீக்கிவிட்டு, உயிரளவைக் காட்டும் பட்டையையும் கடிகாரத்தையும் நீக்கிவிட்டு, பின்னணியை மட்டும் காட்டும் பொத்தான். மேகம் நகரட்டும், கோழி சிறகடிக்கட்டும், சைக்கிள் போகட்டும். 1994இல் வந்த டாங்கி காங் கன்ட்ரியில் ஒரு பனிக் கட்டம் இருக்கிறது. தொடக்கத்தில் வானம் தெளிவாக இருக்கும். போகப் போகப் பனி தூவத் தொடங்கி, கடைசியில் எதிரில் இருக்கும் பீப்பாயே தெரியாத புயலாகிவிடும். அந்தப் புயல் ஏறுவதை, எந்தப் பள்ளத்திலும் விழாமல், ஒரு முறையாவது முழுதாகப் பார்க்க ஆசை. காசு கொடுத்து வாங்கியவன் கேட்பது இது ஒன்றுதான் என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறது.

பெயர்கள். எண்பதுகளில் ஜப்பானிய நிறுவனங்கள் பலவும், போட்டி நிறுவனம் ஆட்களைக் கொத்திக்கொண்டு போய்விடும் என்று பயந்து, நன்றிப் பட்டியலில் புனைபெயர்களைத்தான் போடவிட்டன. சோனிக்கிலும் அதே கதை. செய்தவர்களின் நிஜப் பெயர்கள் ஜப்பானியப் பதிப்பில் ஒரு ரகசியப் பொத்தான் வரிசைக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன. கிரீன் ஹில்லைப் போன்ற நிலங்களுக்கு உருவம் கொடுத்த அந்தக் குழுவில் ரியேகோ கொடாமா என்ற ஓவியர் இருந்தார். ஃபேன்டசி ஸ்டார் விளையாட்டுகளாலும் அறியப்பட்டவர். பட்டியல்களில் அவர் பெயர் 'ஃபீனிக்ஸ் ரியே'. அவர் 2022 மே மாதம் மறைந்தார். அந்தச் செய்தி வெளியுலகத்துக்குத் தெரிய வந்தது அக்டோபரில். அதுவும் எப்படி? மெகா டிரைவ் மினி 2 என்ற மறுவெளியீட்டுக் கருவியின் நன்றிப் பட்டியலில் ஓடிய அஞ்சலி வரியைப் பார்த்துத்தான். அதைப் படித்த இரவு நான் கிரீன் ஹில்லுக்குப் போய், கடிகாரம் கொல்லும் வரை நின்றேன்.

ஒரு பட்டியலில் ஒரு வரி சேர்க்க எவ்வளவு செலவாகும் என்று எனக்குத் தெரியாது. உங்கள் அலுவலகங்களில் பழைய சம்பளப் பதிவேடுகள் இருக்கும், கிடங்கில் கட்டம் போட்ட தாள்கள் இருக்கும், ஓய்வுபெற்ற யாராவது ஒருவருக்கு யார் எந்தத் தெருவை வரைந்தார் என்பது இன்னும் நினைவிருக்கும். அவர்களுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது. அடுத்த மறுவெளியீட்டுக்கு முன்னால் ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

நான் வாங்கிய அந்தச் சண்டை விளையாட்டின் பட்டியலில் பின்னணி வரைந்தவர் என்று எதிரே இருப்பது மூன்றெழுத்துப் புனைபெயர் ஒன்று. எத்தனை தேடியும் அதற்குப் பின்னால் இருப்பவர் யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டாம் கட்டம், இடது ஓரக் கட்டடம், மேல்மாடி. அந்த ஒரு ஜன்னலை மட்டும் அணைந்து எரிய வைத்தவர் யார் என்று உங்கள் கோப்புகளில் இருந்தால், தயவுசெய்து எழுதுங்கள். அங்கே தூக்கம் வராமல் நடமாடுவது யார் என்று அவரிடம் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
மூன்று முறை காசு கொடுத்த ஒரு வாடிக்கையாளர்